பென்சில்வேனியா ஸ்டேட் கேம் லேண்ட்: மான் சீசனுக்கு முன் நடந்து இடம் பார்ப்பது எப்படி?

ஓடைக்கரை:
வணக்கம் நண்பர்களே. வடமத்திய பென்சில்வேனியாவில் மலைப்பாங்கான ஒரு ஸ்டேட் கேம் லேண்டை (வேட்டைக்குன்னு மாநிலம் வெச்சிருக்கிற பொது நிலம்) தேர்ந்தெடுத்திருக்கேன். தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நாலாவது வியாழன்) கழிஞ்ச சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும்போது அங்கே போகணும். ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிஞ்சு லைசென்ஸும் கையில் இருக்கு. முன்கூட்டி நடந்து பார்க்க மூணு நாள்தான் ஒதுக்க முடியும். எந்தெந்த மாசம் போகலாம்? மேப்பில் எதைக் குறிச்சுக்கணும்? ரப் (ஆண் மான் கொம்பால் தேய்ச்ச மரம்), ஸ்க்ரேப் (குளம்பால் கிளறின மண்) கண்ணில் பட்டால் புதுசா பழசான்னு எப்படிச் சொல்றது? நாம நடக்கிறதாலேயே மான் இடம் மாறிடாதா?

மலைமுகடு:
முதலில் ஒரு விஷயம். துப்பாக்கி சீசன் முதல் நாள் பொது நிலத்தில் மான் தீனிக்காக நடக்காது, ஆளிடமிருந்து தப்பிக்கத்தான் நடக்கும். அதனால் மான் எங்கே மேய்கிறது என்பதைவிட, மனிதர்கள் எங்கிருந்து ஏறுவார்கள், அப்போது மான் எந்த வழியாக எங்கே போய் ஒளியும் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

வீட்டிலேயே தொடங்குங்கள். எல்லா பார்க்கிங் இடங்களையும், கேட் போட்ட சாலைகளையும், பழைய மரம் வெட்டும் பாதைகளையும் மேப்பில் குறியுங்கள். விடியும் முன் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாதைகளை விட்டு அதிகம் விலக மாட்டார்கள். அவர்களுக்கும் அடர்ந்த புதருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரசின் டோபோ மேப்பில் (நில உயரத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம்) இந்தப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 அடி உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து. செங்குத்துச் சரிவின் நடுவில் கோடுகள் திடீரென விலகினால் அங்கே படிக்கட்டு மாதிரி ஒரு சமதளம் இருக்கும். மான் அதன் வழியே மலையைச் சுற்றி நடக்கும். இரண்டு முகடுகளுக்கு நடுவில் தாழ்ந்த சேடில், துரத்தப்பட்ட மான் மலையைத் தாண்டும் இடம். மரம் வெட்டிச் சில வருடம் ஆகி, உள்ளே ஆள் நுழைய முடியாமல் முளைத்திருக்கும் கிளியர்கட், மவுன்டன் லாரல் புதர், இவை ஒளியும் இடங்கள்.

பாதையிலிருந்து வெகுதூரம் போனால்தான் மான் என்று நினைக்க வேண்டாம். பார்க்கிங்கிலிருந்து 300 கஜத்தில், எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு சின்னப் புதர்க்காட்டிலும் பெரிய ஆண் மான் படுத்திருக்கும்.

கருவாலி:
ரப், ஸ்க்ரேப் பத்திச் சொல்றேன்.

புது ரப்னா பட்டை உரிஞ்ச இடம் வெளிறி ஈரமா இருக்கும். விரல் வெச்சா பிசுக்குனு ஒட்டும். ஓரத்தில் பட்டை நார்நாரா தொங்கும், கீழே இலைமேல துருவல் கிடக்கும். போன வருஷத்து ரப் சாம்பல் நிறம், விளிம்பு தடிச்சு உள்பக்கமா சுருண்டிருக்கும். ஆனா பழசுன்னு ஒதுக்காதீங்க. ஒரே வரிசையில் நாலைந்து வருஷ ரப் இருந்தா, ஆண் மான் வருஷாவருஷம் அந்த வழியை விடலைன்னு அர்த்தம். ரப் எந்தப் பக்கம் இருக்கோ, பெரும்பாலும் மான் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும்.

ஸ்க்ரேப் மேல எப்பவும் ஒரு கிளை தொங்கும், நுனி மென்ற மாதிரி ஒடிஞ்சிருக்கும். கீழே கிளறின மண்ணில் இலை விழுந்து மூடியிருந்தா, மான் வந்து நாளாச்சு. அதை நம்பி உட்கார வேண்டாம், ராத்திரியில்தான் அதிகம் வரும்.

தீனியில் ஓக் கொட்டை முக்கியம். வெள்ளை ஓக் இலை மடல் உருண்டையா இருக்கும், செவ்வோக் இலை நுனி கூர்மையா முள் மாதிரி நீட்டியிருக்கும். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு கம்மி, அதனால மான் முதலில் அதைத்தான் தின்னும். மிச்சமும் அந்த இலையுதிர் காலத்திலேயே முளைச்சுடும். செவ்வோக் கொட்டை வசந்தம் வரைக்கும் முளைக்காது. நவம்பர் கடைசியில் தரையில் இருக்கிறது பெரும்பாலும் அதுதான். செப்டம்பரில் வெள்ளை ஓக் அடியில் மான் கூட்டமா மேயுதுன்னு அங்கேயே இடம் பிடிச்சா ஏமாந்துடுவீங்க.

மலைமுகடு:
கருவாலி அந்த ஓக் விஷயத்தைச் சொன்னது நல்லது. அதோடு காற்றையும் கவனியுங்கள். மில்க்வீட் காய் சாலையோரத்தில் கிடைக்கும், நம் எருக்கின் உறவுதான். அதே மாதிரி வெள்ளைப் பஞ்சு, ஒவ்வொரு இழையாகப் பறக்கவிடலாம். காற்றைப் பார்க்க ஊதும் பவுடர் இரண்டடியில் மறைந்துவிடும். பஞ்சு ஐம்பது கஜம் போய் எந்த ஓடையில் இறங்குகிறது என்பதுவரை காட்டும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழியும், வெயில் ஏறினால் மேலே கிளம்பும், சாயங்காலம் மறுபடி இறங்கும். நீங்கள் உட்கார நினைக்கும் இடத்தில் இந்த மூன்று நேரமும் விட்டுப் பாருங்கள். மேலே போகும் காற்று உங்கள் வாடையை மான் படுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் அந்த இடம் காலையில் வேலைக்காகாது.

ஓடைக்கரை:
நன்றி. அப்போ ஆகஸ்ட், அக்டோபர் தொடக்கம், நவம்பர்னு வெச்சுக்கலாமா?

கருவாலி:
ஆகஸ்ட் வேண்டாம், இலை மறைக்கும், ரப்பும் இருக்காது. முடிஞ்சா மார்ச்சில் ஒரு நாள் போங்க. பனி கரைஞ்சதும் போன சீசன் தடம், ரப், படுக்கை எல்லாம் அப்படியே தெரியும். அப்போ புதருக்குள்ளேயே நுழைஞ்சு பார்க்கலாம், மான் கலைஞ்சாலும் சீசனுக்கு மாசக்கணக்கில் இருக்கு. அடுத்தது செப்டம்பர் கடைசி, ஓக் காய்ப்பு பார்க்க. மூணாவது நவம்பர் நடுவில், மத்தியான நேரம் மட்டும். அப்போ புதர் ஓரத்தோட நிறுத்திக்கோங்க. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை கரடி வேட்டை தொடங்கிடும், அதுக்குள்ள முடிச்சுடுங்க.

நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை கேம் லேண்டில் வேட்டையாடாம சும்மா நடந்தாலும் 250 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு உடையோ, அதே நிறத் தொப்பியோ போட்டே ஆகணும். உண்ணிக்கு 0.5% பெர்மெத்ரின் பூச்சிமருந்தைத் துணியில் மட்டும் தெளிச்சு நல்லா காயவெச்சு உடுத்துங்க. கால்சட்டை விளிம்பை சாக்ஸுக்குள் விடுங்க.

மலைமுகடு:
எல்லை மரங்களில் வெள்ளைப் பெயிண்ட் இருக்கும். மேப் செயலியின் கோட்டை விட அதையே நம்புங்கள். கிளை வெட்டாதீர்கள், கேம் லேண்டில் அனுமதி இல்லை. சூரிய உதயத்துக்கு அரை மணி முன் சுடும் நேரம் தொடங்குகிறது, ஆகவே இருட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் நவம்பர் பயணத்தில் காரிலிருந்து இடம் வரை நடக்க எத்தனை நிமிடம் என்று எண்ணி, இருட்டில் அதன் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மானை இழுத்து வரும் வழியையும் அன்றே பாருங்கள்: காருக்குத் திரும்புவது இறக்கமாக இருக்கும் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள்.