நாடியா கொமனேச்சி கட்டுரை: பதக்கக் கணக்கு இடிக்கிறது

டர்பன்வாசி: ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை நாடியா கொமனேச்சி பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்காக எழுதுகிறேன். 1980 ஒலிம்பிக் தங்கத்தில் ஒன்று குறைகிறதே, எங்கே விட்டேன்?

சாட்ஸ்வர்த்: தம்பி, தரைப்பயிற்சியைப் பாருங்கள். அந்தத் தங்கத்தை சோவியத் வீராங்கனை நெல்லி கிம்மோடு பகிர்ந்தார். பகிர்ந்ததும் முழுத் தங்கம்தான். மாஸ்கோவில் தங்கம் 2, வெள்ளி 2. 1976 மொன்றியலில் தங்கம் 3, வெள்ளி 1, வெண்கலம் 1. மொத்தம் 9.

டர்பன்வாசி: சரியாகிவிட்டது அக்கா, நன்றி.

பீனிக்ஸ்: மொன்றியலில் அவர் முழுப் பத்து எடுத்தபோது மதிப்பெண் பலகை 1.00 காட்டியதற்குக் காரணமும் எழுதுங்கள்: 10.00 காட்ட அதில் இடமில்லை. அந்தப் பத்தை இன்றைய புள்ளிகளோடு ஒப்பிடவே வேண்டாம். 2006 முதல் கடினத்துக்கும் செய்நேர்த்திக்கும் தனித்தனி மதிப்பெண், உச்சவரம்பு கிடையாது. மேற்கோளை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே வையுங்கள். பத்திக் கடைசியில் மொத்தமாக வைத்தால், நாளை யாராவது நடுவில் ஒரு வரி நுழைத்ததும் எது எதற்குச் சான்று என்றே தெரியாது.