புதுப்பிப்பு: பி பிரிவு ஸ்ட்ரெப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது
பென்சிலினுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ள நான், கர்ப்பத்தின் 36ஆம் வாரத்தில் செய்யப்படும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடிய ஒரு பாக்டீரியா) பரிசோதனையைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். முடிவு பாசிட்டிவ் என வந்துள்ளது. யோனியின் கீழ்ப்பகுதியிலும் மலக்குடலிலும் எடுத்த மாதிரியை, பிற கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த ஊட்டக் கரைசலில் 18 முதல் 24 மணி நேரம் வளர்த்த பிறகே வளர்தட்டுக்கு மாற்றுகிறார்கள் என்பதால், முடிவு வரச் சில நாட்கள் ஆனதில் வியப்பில்லை. பரிசோதனைச் சீட்டில் ஒவ்வாமையைக் குறிப்பிடச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி: அதைப் பார்த்தே ஆய்வகத்தினர் பென்சிலினுக்கு மாற்றான கிளிண்டமைசின் மருந்தையும் சோதித்துள்ளனர், கிருமி அதற்குக் கட்டுப்படுகிறது. இப்போது மாத்திரை எதுவும் இல்லை. முன்கூட்டியே அழித்தாலும் கிருமி பிரசவத்துக்குள் மீண்டும் குடியேறிவிடக்கூடும் என்பதால், வலி தொடங்கிய பின்னரே சிரை வழியாக மருந்து செலுத்துவார்களாம்.