நம்ம குடும்பம் குரூப்: ரோமிலிருந்து ஒரு படம்

கீர்த்தனா: [படம்] போர்கேசே கேலரியில் இருக்கிறேன். இரண்டு மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள், பாதி நேரம் இந்தம்மாவிடமே போய்விட்டது. மெத்தையில் சாய்ந்திருக்கும் பளிங்குச் சிலை: பவுலினா போர்கேசே, நெப்போலியனின் தங்கை.

சுதா அத்தை: மெத்தையைப் பாருடி, எப்படி அமுங்கியிருக்கிறது! நிஜ மெத்தையா?

கீர்த்தனா: இல்லை அத்தை, அதுவும் பளிங்குதான். 1805லிருந்து 1808 வரை அந்தோனியோ கனோவா செதுக்கியது. மேலே மெழுகு பூசியிருக்கிறார், தோல் மாதிரி மினுங்குவது அதனால்தான்.

பெரியப்பா: வேலைப்பாடு அருமை. ஆனால் ராஜ குடும்பத்துப் பெண் மேலாடை இல்லாமலா? குழந்தைகள் இருக்கும் குரூப் அம்மா இது.

விக்னேஷ்: அந்தக் குழந்தைகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் பெரியப்பா.

சுதா அத்தை: புருஷன் ஒன்றும் சொல்லவில்லையா?

கீர்த்தனா: செய்யச் சொன்னதே அவர்தான், கமில்லோ போர்கேசே இளவரசர். கனோவா முதலில் டயானாவாகச் செய்யத்தான் நினைத்தார். கன்னித் தெய்வம், உடையும் உண்டு. பவுலினா காதல் தெய்வமான வீனஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம். கையில் ஆப்பிளைப் பாருங்கள், புராணக் கதையில் தெய்வங்களின் அழகுப் போட்டியில் டிராய் இளவரசன் பாரிஸ் வீனஸுக்குக் கொடுத்த பழம் அது. போர்கேசே குடும்பமும் தங்களை வீனஸ் வம்சம் என்று சொல்லிக்கொண்டது.

விக்னேஷ்: எப்படித்தான் இப்படி போஸ் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "அறையில் கணப்பு இருந்ததே" என்றாளாம். கட்டுக்கதையாகவே இருக்கட்டும், பதில் பிரமாதம்.

சுதா அத்தை: பாவம், குளிர் ஒன்றுதான் அவளுக்குப் பிரச்சினை!

கீர்த்தனா: கட்டில் மாதிரி தெரியும் மரப் பீடத்துக்குள் ஒரு பொறி வைத்திருந்தார்கள். பார்ப்பவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம், சிலை சுழலும். இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்டுவார்களாம். அப்புறம் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிற்பாடு, இனி இதை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று பவுலினாவே கமில்லோவுக்கு எழுதினாள்.

பெரியப்பா: பார்த்தாயா, அவளுக்கே தோன்றியிருக்கிறது.

சுதா அத்தை: தோன்றட்டுமே அண்ணா. காட்டச் சொன்னதும் அவள் இஷ்டம், மூடச் சொன்னதும் அவள் இஷ்டம். நடுவில் நமக்கென்ன?

விக்னேஷ்: அவள் சொல்லி என்ன, 1838லிருந்து அந்தக் கேலரியில்தான் இருக்கிறது. இதற்காகச் செய்த பிளாஸ்டர் மாதிரி வடிவம் கனோவா பிறந்த ஊரான போசான்யோவில் உண்டு. 2020இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒருவர் போட்டோவுக்காக அதன்மேல் உட்கார்ந்து கால் விரல்களை உடைத்துவிட்டார். கீர்த்து, நீ தள்ளியே நில்.

கீர்த்தனா: தள்ளித்தான் நிற்கிறேன்!

பெரியப்பா: சரி, அந்தப் பக்கமாகப் போய் மெத்தை மடிப்பு தெரிகிற மாதிரி இன்னொரு படம் அனுப்பு.