அதிகாரம் வந்தால் எவனும் மிருகமா?

வேப்பமரத்தான்: இதில் விளக்க ஒன்றுமில்லை. 1971-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் சிம்பார்டோ ஒரு சோதனைக்காக 24 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, காவலர், கைதி என்று பிரித்து, அடித்தளத்தில் பொய்ச் சிறை வைத்தார். காவலர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதால் 14 நாள் திட்டம் 6 நாளில் நின்றது. கையில் லத்தி வந்தால் எவனும் மிருகம்தான்.

திண்ணைவாசி: இந்தக் கதையை இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்? நாளுக்கு 15 டாலர் கூலி! விளம்பரம் பார்த்து வந்த பையன்கள், கூலி கொடுத்தவர் எதிர்பார்த்ததைச் செய்தார்கள். இது மனித இயல்பா, பார்ட் டைம் வேலையா?

வேப்பமரத்தான்: கைதிகளுக்கும் அதே 15 டாலர்தான் சார். அவர்கள் யாரை மிரட்டினார்கள்?

திண்ணைவாசி: அதைத்தானே சொல்கிறேன். 15 டாலருக்கு ஒருவன் அதட்டினான், இன்னொருவன் அழுதான். லத்தி, கூலிங் கிளாஸ் எல்லாம் சோதனை நடத்தியவர்களே கொடுத்தது. வார்டனாக இருந்த மாணவர் ஒரு காவலனிடம் 'கொஞ்சம் கடுமையாக இரு' என்று வற்புறுத்தும் ஒலிப்பதிவே இருக்கிறது. சிறைக் கண்காணிப்பாளர் யார்? சிம்பார்டோவேதான். அம்பயரே பேட் பிடித்தால் ஸ்கோர் ஏறாதா?

வைகைக்கரை: முதலில் அதிகாரம் என்று எதைச் சொல்கிறீர்கள், இரண்டு பேரும்?

வேப்பமரத்தான்: ஒரு நிமிடம் மேடம். சார், கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். அப்புறம் சில காவலர்கள் மட்டும் ஏன் நடுராத்திரி எழுப்பித் தண்டால் எடுக்க வைத்தார்கள்?

திண்ணைவாசி: 'சில' காவலர்களா? முதலில் 'எவனும்' என்றீர்களே! 15 டாலருக்குப் பதில் வரவில்லை.

மூன்றாம்மாடி: எங்கள் அபார்ட்மென்ட் செயலாளருக்கு யாரும் 15 ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. பதவிக்கு வந்த மறுநாளே மொட்டைமாடிக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். வடாம் காயப்போட மனு எழுத வேண்டும்.

திண்ணைவாசி: நானும் எங்கள் குடியிருப்பில் செயலாளர்தான் அண்ணே. மாடியில் பீர் பாட்டில் பொறுக்கியவனுக்குத்தான் தெரியும். பூட்டுப் போட்டவனெல்லாம் மிருகமா?

மூன்றாம்மாடி: உங்களைச் சொல்லவில்லையே. சாவி உங்கள் இடுப்பிலும் தொங்குகிறதோ?

வேப்பமரத்தான்: போன வருடம் இவர் இந்தக் குழுவில் அட்மினாக இருந்தபோது, உளவியலாளர் மில்கிராம் பற்றிய என் பதிவைத் தூக்கினாரே, அதற்கு எத்தனை டாலர் கூலி?

திண்ணைவாசி: மில்கிராமை 'மில்லிகிராம்' என்று 3 இடத்தில் எழுதியிருந்தீர்கள். தூக்காமல் மருந்துக்கடைக்கா அனுப்புவேன்? பேச்சை மாற்ற வேண்டாம். 15 டாலர்!

வைகைக்கரை: என் கேள்வி?

திண்ணைவாசி: இருங்கள் மேடம், 15 டாலர் முடியட்டும்.