பைப்பர் கப் மாதிரி விமானத்துக்கு மிதவை பூட்டினாப் பிறகு வால் அலையுது

பண்ணைக்காத்து:
ஆறில் ஒரு பங்கு அளவு ஜே-3 கப், இறக்கை 1.8 மீற்றர், மிதவையோட 2.4 கிலோ. பண்ணைக் கடலேரியில ஓடவிட்டா மூக்கு துள்ளுது, தண்ணியை விட்டு எழும்புதில்லை. எழும்பினாலும் திருப்பத்தில வால் அலையுது. எங்க பிழை?

கரையூர்த்தச்சன்:
தம்பி, ரெண்டும் வேற வேற வியாதி. துள்ளுறதுக்கு முதல்ல படியைப் பாருங்கோ, அதாவது மிதவையின்ர அடியில குறுக்க வெட்டுப்பட்டு நிக்கிற இடம். மிதவையின்ர அடிப்படி ஈர்ப்பு மையத்துக்கு 1 - 1.5 செ.மீ. பின்னால நிக்கவேணும். முன்னால போனா வால் தண்ணியில குந்தித் துள்ளும். நல்லாப் பின்னுக்குப் போனா மூக்கைத் தூக்கேலாது. படி விளிம்பு கூராயும் இருக்கவேணும். கனபேர் பூச்சு அடிச்சு அதை உருட்டிப்போடுவினம், பிறகு தண்ணி அறாமல் ஒட்டிப்பிடிக்கும். மிதவையின்ர மேல்தளம் இறக்கையை விட 2 - 3 பாகை மூக்குத் தாழ்வாய் இருக்கவேணும்.

மிதவைகளின்ர கொள்ளளவு: விமான எடையின்ர 1.8 மடங்கு, அதாவது ரெண்டு மிதவையில ஒண்டுக்கு 2.2 லீற்றர். பெரிய விமானங்களுக்கும் இதே 80 வீத மேலதிகக் கணக்குத்தான்.

வால் அலையுறது, மிதவையின்ர பக்கப் பரப்பு ஈர்ப்பு மையத்துக்கு முன்னால கூடினதால. வாலுக்குக் கீழ 2 மி.மீ. ஒட்டுப்பலகையில ஒரு செட்டை வையுங்கோ. நிமிர்வாலின்ர (வாலில நேரா நிக்கிற பலகை) கால்வாசிப் பரப்பில தொடங்கி, காணாட்டிக் கூட்டலாம்.

பண்ணைக்காத்து:
படி மையத்துக்கு 2 செ.மீ. முன்னால நிக்குது! தாங்கிக் கம்பியை மாத்துறன்.

உப்புத்தண்ணி:
செட்டை பூட்டினாப் பிறகு ஈர்ப்பு மையத்தைத் திரும்பப் பாருங்கோ, வால் பாரம் கூடியிருக்கும். ஒவ்வொரு நாளும் நல்லதண்ணியால கழுவுங்கோ. கம்பியும் மோட்டார் பெயறிங்கும்தான் முதல்ல கறள் பிடிக்கும்.