வளவு (கூட்டுக்குடும்ப வீடு) அரட்டைக் குழு: போக ஆறே கால், வர ஒரு மணி

பள்ளத்தூர் அத்தை (காலை 7:12): தம்பி, தைப்பூசத்துக்குப் போகிற பினாங்கு விமான டிக்கெட்டைப் பார்த்தேன். போகும்போது 2:15க்கு ஏறி 8:30க்கு இறங்குகிறோம். வரும்போது 10:35க்கு ஏறி 11:35க்கே சென்னையா? போக ஆறே கால், வர ஒரே மணி. தப்பாக அடித்துவிட்டார்களோ?

நான்: தப்பில்லை அத்தை. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி முந்தி. போகும்போது அதைக் கழித்தால் மூணே முக்கால், வரும்போது அதைக் கூட்டினால் மூன்றரை.

பெரியப்பா: தூரம் எவ்வளவு?

நான்: நேர்கோட்டில் சுமார் 2,370 கி.மீ. பெரியப்பா. கிட்டத்தட்ட முழுக்கக் கடல்தான்.

பெரியப்பா: விமானம் மணிக்கு 800க்கு மேல் பறக்குமே. மூன்று மணிக்குள் போகணும். மிச்சம் எங்கே?

நான்: ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி.

அத்தை: அண்ணனுக்கு எதிலும் வரவு செலவு ஐந்தொகை சரியாக வரணும் 😄

பெரியப்பா: சிரிக்காதே. பல்லவன் ரயிலில் விடியக்காலை காரைக்குடியில் ஏறினால் எழும்பூரில் இறங்க மதியம். அந்த நேரத்துக்குச் சென்னையிலிருந்து பினாங்கே போய்விடலாம். திருச்சியில் ஏறினால் என்ன? வீட்டிலிருந்து 90 கி.மீ. சொச்சம்தான்.

பினாங்கு சித்தப்பா: வரலாம் அண்ணே, ஆனால் கோலாலம்பூரில் மாறணும். அங்கிருந்து இங்கே ஒரு மணிதான். குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பு, அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு, இதிலேயே அரை நாள் போய்விடும். ஆத்தாவை வைத்துக்கொண்டு வேண்டாம்.

அத்தை: ஆத்தா பக்கத்தில்தான் இருக்கிறாள். சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்: "உங்க ஐயா கொண்டுவிக்க (கடல் கடந்து வியாபாரம் பண்ண) போகும்போது நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறுவார். ஐந்தாறு நாள் கடல். தேன்குழல் டின்னுக்கு வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, மையால் பேர் எழுதிக் கொடுப்பேன். ஒரு தடவை மை கரைந்து யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். கிடைத்த டின்னில் ஊறுகாய்."

பெரியப்பா: ரஜுலாவுக்கு அப்புறம் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985இல் அது தீப்பிடித்ததோடு கப்பல் பயணமும் போச்சு.

சித்தப்பா: தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளித் தேர் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வந்து சேர இரவாகிவிடும். ஊருக்குள்ளேயேதான் சுற்றி வருகிறது, தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள். ஆத்தா நிற்கவேண்டாம், நாற்காலி போட்டுவிடுகிறேன்.

அத்தை: ஆத்தா கேட்கிறாள்: வியாழன் விடியக்காலை 2:15 என்றால் புதன் ராத்திரியே விமான நிலையத்தில் இருக்கணுமா?

நான்: ஆமாம். 11 மணிக்கெல்லாம்.

பெரியப்பா: பல்லவன் என்றைக்குப் போட்டிருக்கிறாய்?

நான்: வியாழன் 🙈 இதோ மாற்றுகிறேன்.