புதுப்பிப்பு: பாலியல் வன்முறை பற்றிய மருத்துவப் பணியாளர் வினாத்தாள்

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்கும் மருத்துவர், செவிலியரின் அறிவையும் மனப்பான்மையையும் அளக்கும் வினாத்தாளில், இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கூட்டாதீர்கள் என்று போன இழையில் எழுதியிருந்தோம். ஏன் என்று பலர் கேட்டதால் இது: இரண்டையும் அளக்கும் விதமே வேறு.

அறிவுக் கேள்விக்கு விடை திட்டவட்டமானது. உதாரணமாக, காவல்துறைக் கடிதம் இல்லாமல் பாதிக்கப்பட்ட பெண் தானாக வந்தாலும் சிகிச்சையும் பரிசோதனையும் தர வேண்டும் என்கிறது இந்தியச் சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும். ‘தெரியாது’ என்றொரு கட்டம் அவசியம். இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் போட்ட டிக்கும் அறிவாகிவிடும்.

மனப்பான்மைதான் கடினம். ‘இரு விரல் சோதனை (பெண்ணின் பிறப்புறுப்பில் விரல் நுழைத்து, உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்ப்பது) தவறா?’ என்றால் ‘ஆம்’ என்பார்கள்; அதைச் செய்வது முறைகேடு என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நேரடிக் கேள்வி பாடத்தைத்தான் அளக்கும், மனத்தை அல்ல. எனவே ஒரு நிகழ்வைக் கொடுங்கள்: பாதிக்கப்பட்ட பெண் மூன்று நாள் கழித்து வருகிறார், அழவில்லை, உடலில் காயமில்லை. அவர் சொல்வதை எந்த அளவு நம்புகிறீர்கள், 1 முதல் 5 வரை? குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் காயம் இருப்பதாக மட்டும் மாற்றிக் கொடுங்கள். இரு சராசரிகளின் இடைவெளியே நீங்கள் தேடும் எண்: காயம் இருந்தால்தான் நம்புவோம் என்ற மனப்பான்மையின் அளவு.

‘நம்ப முடியாது என்பதில் உடன்பாடில்லை’ போன்ற இரட்டை எதிர்மறை வேண்டாம். அவசரப் பிரிவில் நின்றுகொண்டே நிரப்பும் செவிலியர் தலைகீழாக டிக் செய்துவிடுவார்.